மதுரை வட்டாரத்தில் சக்கரத் தாங்கு உருளை: மாட்டுவண்டி அச்சு முதல் லாரி முன் அச்சு வரை

தாங்கு உருளை என்பது நிலையாக இருக்கும் அச்சுக்கும் அதைச் சுற்றி உருளும் சக்கரத்துக்கும் இடையே அமைந்து, உராய்வைக் குறைத்துப் பாரத்தைத் தாங்கும் எந்திர உறுப்பு ஆகும். மக்கள் வழக்கில் இது 'பேரிங்' என்றே அழைக்கப்படுகிறது. லாரியின் முன் அச்சில் பேரிங் மாற்றுவது மதுரைப் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் வேலை. பார்வைக்குச் சிறிய வேலைதான். ஆனால் அதில் ஏற்படும் தவறு ஓடும் வண்டியிலிருந்து சக்கரத்தையே கழற்றிவிடும். மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் சக்கரமும் அச்சும் எவ்வாறு மாறிவந்தன, அவற்றைப் பேணும் அறிவு யார் கையில் இருந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அச்சு பற்றிய பழந்தமிழ்ச் செய்திகள்

அச்சு முறிந்தால் பயணம் நின்றுவிடும் என்ற அச்சம் மிகப் பழமையானது. புறநானூற்றின் 102-ஆம் பாடல் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது. உப்பு வணிகரான உமணர், பாரம் ஏற்றிய வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் போகும்போது என்ன நேருமோ என்று எண்ணி, வண்டியின் அடியில் உதிரியாக ஓர் அச்சைக் கட்டிவைத்திருந்தனர். அந்தச் சேம அச்சைத் தலைவனுக்கு உவமையாக்குகிறார் ஔவையார். பழுது வருவதற்கு முன்பே அதற்கு ஆயத்தமாக இருக்கும் பழக்கம் சங்க காலத்திலேயே சாலையில் இருந்தது என்பதற்கு இது சான்று.

திருக்குறளின் 667-ஆம் குறள் தேரின் அச்சாணியைப் பேசுகிறது. பெரிய தேர் உருள்வது சிறிய ஆணியால்தான் என்பதால், உருவம் சிறிதென்று எவரையும் இகழக்கூடாது என்பது அதன் கருத்து. சக்கரம் அச்சைவிட்டுக் கழன்றுவிடாமல் முனையில் செருகப்படும் ஆணியே அச்சாணி. மாட்டுவண்டியில் அதைக் கடையாணி என்பர். இன்றைய லாரியின் முன் அச்சில் நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் சிறிய பிளவு ஊசியும் (ஸ்பிளிட் பின்) இதே வேலையைச் செய்கிறது.

மாட்டுவண்டிச் சக்கரம்

மதுரைச் சமவெளியில் மோட்டார் வண்டி வருவதற்கு முன் நெல், பருத்தி, வெல்லம், விறகு எல்லாம் மாட்டுவண்டியில்தான் சென்றன. கட்டை வண்டியின் சக்கரத்துக்கு நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றை இணைக்கும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டா ஆகியவை உறுப்புகள். மர வேலையைத் தச்சரும் இரும்பு வேலையைக் கொல்லரும் செய்தனர்.

பட்டாவை ஏற்றும் முறை கவனிக்கத்தக்கது. சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாக இரும்பு வளையம் செய்யப்படும். அதை வறட்டி, விறகு அடுக்கிய நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் தட்டி ஏற்றி, உடனே தண்ணீர் ஊற்றுவர். வளையம் சுருங்கி மரத்தைக் கவ்விப் பிடிக்கும். வெப்பத்தால் பொருள் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்ற விதியைப் பள்ளிப் பாடமாகக் கற்காமலே கொல்லர்கள் பயன்படுத்தினர். இன்று பெரிய பேரிங்குகளை எண்ணெயில் சூடாக்கித் தண்டில் ஏற்றுவதும் இதே விதியின்படிதான்.

குடத்தின் துளைக்கும் அச்சுக்கும் இடையே உருளைகள் எதுவும் இல்லை. இரண்டும் நேரடியாக உரசின. இந்த உரசலைக் குறைக்க வண்டி மை இடப்பட்டது. வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை செய்தனர். நீண்ட பயணம் போகும் வண்டியில் மை நிரம்பிய மூங்கில் குழலும் உடன் செல்லும். மை வற்றினால் சக்கரம் கிறீச்சிடும். அச்சும் குடமும் தேயும், மாடுகள் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும்.

குடம் அச்சில் மிக இறுக்கமாக இருந்தால் சக்கரம் சுற்றாது. மிகத் தளர்வாக இருந்தால் ஆடி, ஆரக்கால்களைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே சிறிதளவு இடைவெளி வேண்டும் என்பது வண்டிக்காரருக்குத் தெரிந்த உண்மை. லாரி மெக்கானிக் 'பிளே' என்று சொல்வதும் இதைத்தான்.

உலகில் தாங்கு உருளையின் வளர்ச்சி

உரசலுக்குப் பதிலாக உருளலைப் பயன்படுத்தினால் வேலை எளிதாகும் என்ற எண்ணம் பல நாடுகளில் தோன்றியது. 1794-இல் வேல்ஸ் நாட்டின் பிலிப் வாகன் வண்டி அச்சில் குண்டுகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1883-இல் ஜெர்மனியின் ஸ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரெட்ரிக் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் உருட்டித் தேய்க்கும் எந்திரத்தை உருவாக்கினார். குண்டுகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் பெரிய குண்டு மட்டும் முழுப் பாரத்தையும் தாங்கி உடைந்துபோகும். ஆகவே இந்த எந்திரத்துக்குப் பிறகே குண்டு பேரிங் பெருமளவில் தயாரிக்க ஏற்ற பொருளாயிற்று.

லாரி முன் அச்சின் வரலாற்றில் முதன்மையானது கூம்பு உருளை பேரிங். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவரும் மோட்டார் பொறியாளர் அல்லர், வண்டி செய்பவர்தான். பாரம் ஏற்றிய வண்டி திரும்பும்போது சக்கரத்தின் மேல் இரண்டு விசைகள் செயற்படுகின்றன. ஒன்று மேலிருந்து கீழே அழுத்தும் எடை. மற்றொன்று பக்கவாட்டில் தள்ளும் விசை. நேரான உருளை முதல் விசையை மட்டும் நன்றாகத் தாங்கும். ஒரு முனை சிறுத்து, கூம்புபோல் சரிந்த உருளை இரண்டையும் தாங்கும்.

1907-இல் சுவீடனின் ஸ்வென் விங்க்விஸ்ட், நெசவாலை ஒன்றின் நீண்ட தண்டுகள் அடிக்கடி பழுதானதைக் கண்டு, தானே சாய்வைச் சரிசெய்துகொள்ளும் குண்டு பேரிங்கை உருவாக்கினார். எஸ்.கே.எஃப். நிறுவனம் அவ்வாறு பிறந்தது.

மதுரைக்கு வந்த மோட்டார் வண்டி

1870-களின் நடுவில் மதுரைக்கு ரயில் வந்தது. ஆனால் ரயில் நிலையத்திலிருந்து ஊர்களுக்குச் செல்ல மாட்டுவண்டியும் குதிரை வண்டியும்தான் இருந்தன. இந்த இடைவெளியை நிரப்பியவர் தி. வே. சுந்தரம் அய்யங்கார். திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த அவர், 1911-இல் டி.வி.எஸ். நிறுவனத்துக்கு அடித்தளமிட்டார். 1912-இல் தொடங்கிய அவரது பேருந்துப் பணி பின்னர் தென்மாவட்டங்களில் பரவியது. நிறுவனத்தின் தலைமையிடம் மதுரை மேல வெளி வீதியில் அமைந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவையே வெளி வீதிகள்.

அக்காலச் சாலைகள் கப்பி பரப்பியவை. மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தின. காந்தம் பொருத்திய வண்டியை ஓட்டிச் சாலையில் கிடந்த ஆணிகளை டி.வி.எஸ். பொறுக்கியது என்று மதுரையில் இன்றும் சொல்வதுண்டு. அந்நிறுவனப் பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் முதியவர்கள் கூறுவர். நேரம் தவறாத பேருந்துக்குப் பின்னால் நேரம் தவறாத பட்டறை இருக்க வேண்டும். கிரீஸ் மாற்றுவதையும் பேரிங் சோதிப்பதையும் பழுது வந்தபின் செய்யாமல், குறிப்பிட்ட ஓட்டத்துக்கு ஒருமுறை செய்தால்தான் வண்டி நடுவழியில் நிற்காது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கட்டுப்பாடு வந்தது. கரியை எரித்துக் கிடைக்கும் வாயுவால் வண்டியை ஓட்டும் கலத்தை டி.வி.எஸ். தயாரித்தது. தேய்ந்த டயருக்கு மறு ரப்பர் இடும் தொழிலிலும் ஈடுபட்டது. கிடைக்காத பொருளுக்கு மாற்றுத் தேடுவதும், இருக்கும் பொருளின் ஆயுளை நீட்டுவதும் இவ்வட்டாரத்தின் பட்டறைப் பண்பாடாக வேரூன்றின.

1972-இல் மதுரையில் பேருந்துகள் அரசுடைமையானபோது பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. 1997-இல் தலைவர்களின் பெயரிலும் மன்னர்களின் பெயரிலும் இருந்த கழகங்கள் பலவும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரைப் பெற்றன. முன்பு மாட்டுச்சந்தை கூடியதால் பெயர்பெற்ற மாட்டுத்தாவணியில் இன்று நகரின் பெரிய பேருந்து நிலையம் இருக்கிறது.

இறக்குமதியும் உள்நாட்டு உற்பத்தியும்

விடுதலைக்கு முன் பேரிங்குகள் அனைத்தும் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1946-இல் ஜெய்ப்பூரில் பிர்லா குழுமம் தொடங்கிய தொழிற்சாலை இந்தியாவின் முதல் பேரிங் ஆலையாகும். என்.பி.சி. என்ற அதன் பெயர் இன்றும் உதிரிபாகக் கடைகளில் கேட்கிறது. 1960-களின் தொடக்கத்தில் எஸ்.கே.எஃப். தொடர்புடைய நிறுவனம் புனேயிலும், ஜெர்மனியின் எஃப்.ஏ.ஜி. தொடர்புடைய நிறுவனம் வதோதராவிலும் காலூன்றின. ஜாம்ஷெட்பூரில் டாடா-டிம்கன் கூட்டு நிறுவனம் 1987-இல் நிறுவப்பட்டு, 1990-களில் கூம்பு உருளை பேரிங்குகளை உற்பத்தி செய்தது.

இதே காலத்தில் லாரிகளும் உள்நாட்டில் உருவாயின. சென்னை எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-இல் டெல்கோ நிறுவனம் டெய்ம்லர்-பென்ஸ் ஒத்துழைப்புடன் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. மதுரை வட்டார மெக்கானிக்குகளுக்கு நீண்ட காலம் 'லேலண்ட்', 'பென்ஸ்' என்ற இரண்டு சொற்களே லாரி உலகை இரண்டாகப் பிரித்துக் காட்டின. டாடா என்று பெயர் மாறிய பின்னும் பழைய மெக்கானிக்குகள் அதை 'பென்ஸ் வண்டி' என்றே சொல்லிவந்தனர்.

மாட்டுவண்டியும் மாறியது. மர அச்சும் இரும்புப் பட்டாவும் போய், காற்றடைத்த டயரும் பேரிங் பொருத்திய இரும்பு அச்சும் வந்தன. இதை மக்கள் டயர் வண்டி என்றனர். அதே மாடுகள் கூடுதல் பாரத்தை எளிதாக இழுத்தன. சாலையும் பட்டாவால் அறுபடாமல் தப்பியது. மை குழைத்த கை கிரீஸ் அடைக்கப் பழகியது இந்த வண்டியில்தான்.

லாரி முன் அச்சின் அமைப்பு

வழக்கமான லாரியின் முன் அச்சு, 'ஐ' எழுத்து வடிவ வெட்டுமுகம் கொண்ட கனமான எஃகுச் சட்டமாகும். அதன் இரு முனைகளிலும் கிங் பின் என்னும் தடித்த ஊசியால் ஸ்டப் ஆக்சில் இணைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது திரும்புவது இந்த ஸ்டப் ஆக்சில். அதன் மேல்தான் ஹப் சுற்றுகிறது. மாட்டுவண்டியின் குடத்துக்கு நிகரானது ஹப்.

ஹப்பினுள் இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள் எதிரெதிர்ச் சாய்வில் அமைந்திருக்கும். உட்புறம் இருப்பது பெரியது, வெளிப்புறம் இருப்பது சிறியது. ஒவ்வொரு பேரிங்கிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஹப்பில் இறுக்கமாக அமரும் வெளி வளையம் 'கப்' எனப்படும். உருளைகளோடு கூடிய உள் வளையம் 'கோன்' எனப்படும். உருளைகளின் சாய்வுக் கோடுகளும் வளையங்களின் சாய்வுக் கோடுகளும் நீட்டினால் அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு கணக்கிடப்பட்டிருக்கும். அதனால் உருளைகள் வழுக்காமல் உருள்கின்றன. உட்புறத்தில் கிரீஸ் வெளியேறாமலும் நீரும் தூசியும் புகாமலும் ஆயில் சீல் தடுக்கிறது. வெளிப்புறத்தில் வாஷர், நட்டு, பூட்டு ஊசி, மூடி ஆகியவை இருக்கும்.

பழுதின் அறிகுறிகள்

ஓடும்போது சக்கரத்திலிருந்து ஊளையிடுவது போன்ற ஒலி எழுவது, ஸ்டியரிங் அதிர்வது, முன் டயர் ஒருபக்கமாகத் தேய்வது, பிரேக் போட்டால் வண்டி ஒருபுறம் இழுப்பது ஆகியன பேரிங் கெட்டிருக்கலாம் என்பதன் அறிகுறிகள். தேநீருக்காக நிறுத்தும் இடத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு ஹப் மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அந்த வண்டியை மேலே ஓட்டுவது ஆபத்து. கிரீஸ் உருகி வழிந்தபின் உலோகம் உலோகத்தோடு உரசும். பேரிங் இறுகிப் பற்றிக்கொள்ளும். சில வேளைகளில் தீப்பிடிக்கும், அல்லது சக்கரம் கழன்று எதிரே வருபவர் மீது மோதும்.

மழைக்காலத்தில் நீர் தேங்கிய தரைப்பாலங்களைக் கடக்கும் லாரிகளுக்கும், கல் குவாரித் தூசியில் இயங்கும் லாரிகளுக்கும் சீல் விரைவில் கெடுகிறது. கிரீஸில் நீர் கலந்தால் அது வெளுத்துப் பால்போல் ஆகும். அளவுக்கு மீறிய பாரம் மற்றொரு காரணம்.

மாற்றும் முறை

முதலில் சமதரையில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் உயர்த்தியபின் அச்சுக்கு அடியில் தாங்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லக்கூடாது. சக்கரத்தைக் கழற்றி, மூடி, பூட்டு ஊசி, நட்டு, வாஷர் ஆகியவற்றை வரிசையாக எடுத்தால் வெளிக் கோன் கைக்கு வரும். பிறகு ஹப்பை இழுத்து எடுக்கலாம்.

பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டுச் சோதிப்பர். உருளையில் செதில் உரிந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது என்று பொருள். நீலம் அல்லது பழுப்பு நிறம் ஏறியிருந்தால் அது சூட்டின் அடையாளம். கப்பில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தால் அடி வாங்கியிருக்கிறது. உலர்த்தும்போது காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழலவிடுவது சில பட்டறைகளில் உள்ள தவறான பழக்கம். வேகமாகச் சுழலும் உருளை தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை அப்படியே விடுவது செலவைக் குறைப்பதுபோல் தோன்றும். பழைய கப்பின் தேய்மானம் புதிய உருளைகளை விரைவில் கெடுத்துவிடும். இரண்டும் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டும். பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிலும் சீராகத் தட்டி எடுப்பர். கடினப்படுத்திய எஃகை இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் சில்லு தெறிக்கும். புதிய கப் அடிப்பகுதியில் முழுமையாக அமர்ந்ததா என்பதைச் சுத்தியல் ஓசையின் மாற்றத்தைக் கொண்டே தேர்ந்த மெக்கானிக் அறிவார்.

கிரீஸ் அடைப்பது கைவேலை. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்த வேண்டும். உருளைகளின் மறுபக்கத்தில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை சுற்றிலும் இதைச் செய்ய வேண்டும். 1940-களில் பரவிய லித்தியம் கிரீஸ் நீரையும் சூட்டையும் ஓரளவு தாங்குவதால் இவ்வேலைக்குப் பெரிதும் பயன்படுகிறது. ஹப்பை முழுவதும் கிரீஸால் நிரப்புவதும் தவறே. மிகுதியான கிரீஸ் கடையப்பட்டுச் சூடேறும்.

கடைசியாக வருவது நட்டை இறுக்கும் கட்டம். மொத்த வேலையின் வெற்றியும் இதில்தான் இருக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் உருளைகள் தம் இடத்தில் சரியாக அமரும். பிறகு நட்டைத் தளர்த்தி, அந்த வண்டியின் கையேடு கூறும் அளவில் மீண்டும் வைக்க வேண்டும். கூம்பு உருளை பேரிங்குக்குப் பொதுவாகக் கூறப்படும் முனைத் தளர்வு 0.025 முதல் 0.125 மி.மீ. வரை. இது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். டயல் கேஜ் என்னும் கருவியால் இதை அளக்கலாம். அளவு சரியான பின் புதிய பூட்டு ஊசியைச் செருகி மடக்க வேண்டும். பழைய ஊசியை நிமிர்த்தி மறுபடி போடுவது கூடாது. சக்கர நட்டுகளை எதிரெதிர் வரிசையில் இறுக்கி, சில கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி சோதிக்க வேண்டும்.

தொழில் கற்ற வழி

இவ்வேலையைக் கற்பிக்க நீண்ட காலம் நூல் எதுவும் தமிழில் இல்லை. பட்டறையில் சேர்ந்த சிறுவர் முதலில் மண்ணெண்ணெயில் உறுப்புகளைக் கழுவினர், பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தனர். ஆண்டுகள் கழித்தே நட்டை இறுக்கும் பொறுப்பு கிடைத்தது. பலர் அதற்காகப் பள்ளியைப் பாதியில் விட்டனர். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியபின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவுகள் வந்தன. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பெரிய நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பயிலும் வாய்ப்பை அளித்தது. மதுரை கோ. புதூரில் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இவ்வட்டார மாணவர்கள் பலருக்கு இந்த வழியைத் திறந்தது.

இரண்டு வழியில் வந்தவர்களுக்கும் வெவ்வேறு வலிமை உண்டு. பட்டறையில் வளர்ந்தவர் ஒலியையும் சூட்டையும் கைப்பதத்தையும் அறிவார். பயிற்சி நிலையத்தில் பயின்றவர் அளவையும் காரணத்தையும் அறிவார். கைப்பதம் ஒரு வண்டிக்குச் சரியாக அமைந்து மற்றொரு வண்டிக்குத் தவறிப்போகலாம். கருவியோ, அதைப் பிடிப்பவர் ஹப்பைச் சுற்ற மறந்தால் பொய்யான அளவைக் காட்டும்.

இன்றைய நிலை

2018-இல் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று. ஒரே அச்சு கூடுதல் பாரம் சுமக்கும்போது பேரிங்கின் தரமும் பொருத்தும் முறையும் முன்னைவிட முக்கியமாகின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலவே அச்சடித்த போலி பேரிங்குகளும் சந்தையில் உலவுகின்றன. இவற்றின் எஃகு உரிய கடினத்தைப் பெற்றிராததால் விரைவில் உடையும்.

கிரீஸும் சீலும் முன்பே அடைக்கப்பட்டு, இடைவெளியும் ஆலையிலேயே அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேரிங்குகள் புதிய வண்டிகளில் வரத் தொடங்கியுள்ளன. இவற்றில் மெக்கானிக் அளவு வைக்க வேண்டியதில்லை. கெட்டால் முழுவதையும் மாற்ற வேண்டும். எனினும் கப்பும் கோனும் தனித்தனியாக உள்ள முன் அச்சுகளே பழைய லாரிகளில் பெரும்பாலும் உள்ளன. அவற்றுக்குக் கையின் திறமை இன்னும் தேவைப்படுகிறது.

தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிய லாரிகள் இன்றும் மதுரை வழியாக வடக்கே செல்கின்றன. உமணர் வண்டியின் அடியில் கட்டிய உதிரி அச்சுக்குப் பதிலாக, பல லாரிகளின் கருவிப் பெட்டியில் ஒரு புதிய பேரிங்கும் ஒரு சீலும் கிரீஸ் டப்பாவும் பயணம் செய்கின்றன.